ஐயர் குறித்த நேரத்தில் கடல் இல்லை

காலை ஆறரை மணிக்கு நாங்கள் நாலு பேரும் கடற்கரைச் சுவரோரம் வரிசையாக நின்றோம். என் கையில் பித்தளைச் செம்பு. கணவர் கையில் எள்ளுப் பொட்டலமும் தர்ப்பையும். மகள் மதுரா தூக்கக் கலக்கத்தில் போர்வையைச் சுற்றிக்கொண்டு நின்றாள். தம்பி தயாளன் எங்களிலிருந்து கொஞ்சம் தள்ளி, இரண்டு கைகளையும் ஜாக்கெட் பைக்குள் விட்டபடி நின்றான்.

எல்லாம் இருந்தது. கடல்தான் இல்லை.

முதல்நாள் படுக்கப்போகும்போது சன்னலைத் திறந்து பார்த்திருந்தேன். இதே சுவரில் அலை வந்து அறைந்துகொண்டிருந்தது. முகத்தில் உப்புத் தூவானம் பட்டது. இப்போதோ சுவருக்குக் கீழே பாசி பிடித்த கற்படி, அதற்குக் கீழே ஈர மணல், அதற்கு அப்பால் சேறு, அதற்கும் அப்பால் இன்னும் மணல். வெகு தொலைவில் ஒரு சாம்பல் கோடு தெரிந்தது. அது கடலா மேகமா என்று எனக்குப் பிடிபடவில்லை.

"ராத்திரி இஞ்சைதானே இருந்தது?" என்றார் இவர், வீட்டுச் சாவியைத் தொலைத்தவர் மாதிரித் தன் சட்டைப் பையைத் தடவிக்கொண்டு.

தயாளன் அந்த வெறும் மணலைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"கடலே வேண்டாமெண்டு போட்டுது அக்கா. விடுங்கோ" என்றான்.

எனக்கு வந்த கோபத்தில் செம்பை மணலில் எறிந்திருப்பேன். யார் மேல் கோபம் என்றுதான் தெரியவில்லை.

கண்காட்சிக்குப் பின்னால் ஒளித்தது

இந்தப் பக்கத்தை வாசிக்கப் புதிதாக வந்தவர்களுக்காக வீட்டை ஒருதரம் அறிமுகப்படுத்திவிடுகிறேன். பாரிசை ஒட்டிய திரான்சியில் எங்கள் வீடு. நான் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்தேன். என் கணவர், பாரிசின் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலில், லூயி-பிளாங் தெருவில் ஒரு உணவகத்தில் கொத்துரொட்டி போடுகிறவர். மதுரா இங்கே பிறந்தவள், அப்போது லிசேயில், உயர்நிலைப் பள்ளியில், படித்துக்கொண்டிருந்தாள். தயாளன் என் ஒரே தம்பி. யுத்தம் முடிந்து சில காலம் கழித்து வன்னியிலிருந்து வந்து, எங்கள் கூடத்துச் சோபாவில் படுத்து, இவரோடு அதே உணவகத்துக்கு வேலைக்குப் போய்வந்தான்.

எங்கள் ஆட்களின் வக்கான்ஸ், அதுதான் விடுமுறை, எப்படியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். லண்டனில் வயதுக்கு வந்த பிள்ளைக்கு ஒரு சாமத்தியவீடு, ஜெர்மனியில் ஒரு கலியாணவீடு. போகிற வழியெல்லாம் புளிச்சாதம், போன இடத்தில் சாப்பாடு, திரும்பும்போது கட்டித் தந்த பலகாரம். கடற்கரையில் வீடு எடுத்துத் தங்குவது, காசு கொடுத்து ஓவியம் பார்ப்பது எல்லாம் வெள்ளைக்காரர் வேலை என்றுதான் நானும் இருந்தேன்.

மதுராதான் ஆரம்பித்தாள். லிசேயில் ஓவிய வரலாறு எடுத்திருந்தாள். அந்தக் கோடையில் நோர்மண்டிக் கடலோரத்தில் ஊருக்கு ஊர் இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியக் கண்காட்சிகள் நடக்கின்றன, போனால் நல்லது என்று அவளுடைய ஆசிரியை சொல்லிவிட்டாராம். சாப்பாட்டு மேசையில் அவள் பிரெஞ்சில் மூச்சுவிடாமல் விளக்கினாள். வீட்டுக்குள் இருந்து வரையாமல், சட்டத்தையும் சாயத்தையும் தூக்கிக்கொண்டு கடற்கரைக்கும் வயலுக்கும் போய், வெளிச்சம் மாறுவதற்குள் அவசர அவசரமாக வரைந்தவர்களாம்.

"அதுதான் உப்பிடி வடிவில்லாமல் கிடக்கு" என்றார் இவர், அவள் காட்டிய படத்தைப் பார்த்து.

நான் படத்தைப் பார்க்கவில்லை. சுவரில் தொங்கிய தமிழ் நாட்காட்டியைப் பார்த்தேன். பள்ளிக்கூட விடுமுறை, உணவகத்தின் கோடை மூடல், கண்காட்சி மூன்றும் சேர்ந்து வந்த அந்த வாரத்தில் ஆடி அமாவாசை நின்றது.

"போவம்" என்றேன். மதுரா நம்பாமல் என்னைப் பார்த்தாள்.

குளிசை

அப்பா பரந்தன்–முல்லைத்தீவு வீதியில் பஸ் ஓட்டியவர். அவருடைய சட்டைப் பையில் எப்போதும் தோடம்பழ இனிப்பு இருக்கும். ஆரஞ்சுச் சுளை மாதிரி வளைந்து, மேலே சீனி தூவியிருக்குமே, அதுதான். பஸ்ஸில் அழுகிற பிள்ளைகளுக்குக் கொடுக்க என்பார். பிள்ளைகள் அழாத நாட்களிலும் பை காலியாகித்தான் வீட்டுக்கு வரும்.

பிறகு சீனி வருத்தம் வந்தது. அம்மா போன பின் தயாளன்தான் அவருக்குக் காவல். நான் அதற்கு முன்பே பிரான்சுக்கு வந்துவிட்டேன். தயாளன் சட்டையைத் துழாவி இனிப்பைப் பறித்து எறிவான், நேரத்துக்குக் குளிசையைக் கையில் வைத்துத் தண்ணீரும் கொடுத்து, விழுங்கும்வரை பக்கத்தில் நிற்பான். தொலைபேசியில் அப்பா என்னிடம் முறைப்பாடு வைப்பார்: "உன்ரை தம்பி என்னை மறியல் வீட்டிலையெல்லோ பூட்டி வைச்சிருக்கிறான்." அதில் கோபம் இருக்காது, ஒரு பெருமைதான் இருக்கும்.

யுத்தத்தின் கடைசி நாட்களில், முல்லைத்தீவுக் கடற்கரையில் சனம் சிதறியபோது இரண்டு பேரும் பிரிந்துபோனார்கள். குளிசைப் பை தயாளனிடம் இருந்தது. அதற்குப் பிறகு அப்பாவைக் கண்டவர் யாருமில்லை. முகாம், ஆஸ்பத்திரி, தடுப்புக்காவல் என்று எங்கெல்லாமோ தேடினோம், கேட்டோம். விமான நிலையத்தில் என்னைக் கட்டிப்பிடித்ததும் தயாளன் சொன்ன முதல் பேச்சு, "அக்கா, குளிசை என்னட்டை நிண்டுபோச்சு" என்பதுதான்.

தகப்பனை இழந்தவர்கள் ஆடி அமாவாசையில் விரதமிருந்து, கடலில் எள்ளும் தண்ணீரும் இறைப்பார்கள். இறந்த நாள் தெரியாதவர்களுக்கு இதைவிட வேறு நாள் கிடையாது. ஒவ்வொரு வருடமும் நான் கேட்பேன். ஒவ்வொரு வருடமும் அவன், "ஆருக்கு அக்கா? அப்பா செத்ததை ஆர் கண்டது?" என்று சொல்லிவிட்டு, சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வெளியே இறங்கிவிடுவான்.

மூத்தவள் நான். அப்பாவுக்காக அழுதவளும் நான். ஆனால் தண்ணீர் மட்டும் ஆண்பிள்ளை கையால்தான் போகவேண்டுமாம். இந்த வழக்கத்தை யார் வைத்தார்களோ, அவர்களிடம் எனக்கு இன்றைக்கும் ஒரு சண்டை பாக்கி இருக்கிறது. ஆனாலும் அப்பாவுக்கு ஒரு வாய் தண்ணீர் போய்ச் சேரவேண்டும் என்பதுதான் அந்த வருடங்களில் எனக்கிருந்த ஒரே ஆசை. தண்ணீர் கேட்டு எங்கேயோ நிற்கிறார் என்று நினைத்தால் எனக்குச் சோறு இறங்காது.

அதனால் ஒரு தந்திரம் செய்தேன். கடற்கரைப் பைக்குள் முதலில் செம்பு, பிறகு எள்ளு, தர்ப்பை, லாச்சப்பல் கடையில் வாங்கிய காத்தோட்டிக்காய். அமாவாசைச் சமையலுக்கு அந்தக் கசப்புக்காய் இல்லாமல் முடியாது. எல்லாவற்றுக்கும் மேலே நாலு துவாய். லாச்சப்பல் கோயில் ஐயரிடமும் பேசிவைத்தேன். காலை ஆறரைக்கு நான் தொலைபேசி எடுத்தால் அவர் மந்திரம் சொல்லுவார், தயாளன் திருப்பிச் சொன்னால் போதும்.

ஒரே சுவர், இரண்டு கடல்

இவருடைய சிநேகிதரின் வான் வண்டியில் புறப்பட்டு முதலில் லு ஹாவ்ர் போனோம். அங்கே துறைமுகத்தைப் பார்த்தபடி ஒரு பெரிய கண்ணாடிக் கட்டடம், அதற்குள் கண்காட்சி. கண்காட்சி என்றால் சத்தம் இருக்கும் என்று நினைத்திருந்தேன். எங்கள் செருப்புச் சத்தம்தான் அங்கே பெரிய சத்தம்.

கிட்டப் போனால் வெறும் சாய அப்பல். தள்ளி வந்தால் கப்பல், புகை, குடை பிடித்த பெண். நான் கிட்டப் போவதும் தள்ளி வருவதுமாக இருந்தேன். பின்னால் நின்றவரின் காலை இரண்டு தரம் மிதித்தேன். எனக்குப் படம் பிடிக்கத் தொடங்கியது அந்த இடத்தில்தான். அலைக்கு ஏன் ஊதாவும் மஞ்சளும் பூசியிருக்கிறார்கள் என்று மதுராவைக் கேட்டேன். "அவருக்கு அப்படித் தெரிந்தது" என்றாள் பிரெஞ்சில், தோளைக் குலுக்கி.

ஓரிடத்தில் ஒரே ஓவியர் வரைந்த இரண்டு படங்கள் பக்கத்தில் பக்கத்தில் தொங்கின. இரண்டிலும் ஒரே கற்சுவர், ஒரே படிக்கட்டு, மேலே ஒரே ஓட்டு வீடு. ஒன்றில் தண்ணீர் படிவரை வந்து படகுகள் மிதந்தன. மற்றதில் தண்ணீரே இல்லை. படகுகள் சேற்றில் சரிந்து கிடந்தன, பெண்கள் குனிந்து எதையோ பொறுக்கினார்கள்.

"இது ரெண்டு இடம்" என்றார் இவர்.

"ஒரே இடம், அப்பா. எழுதியிருக்கு" என்றாள் மதுரா.

"அப்ப ஒண்டு பொய். உந்தளவு தண்ணியும் எங்கை போறது?"

தயாளன் மட்டும் சேற்றில் கிடந்த படகுகளின் முன்னால் அதிக நேரம் நின்றான். மத்தியானம் துறைமுகத்தடியில் இவர் ஒரு சட்டி மட்டிச் சிப்பி வாங்கி, சாறையும் விடாமல் குடித்தார். தயாளன் பொரித்த உருளைக்கிழங்கை மட்டும் கிள்ளினான். எனக்கு எரிச்சல் வந்தது. கூட்டி வந்த இடத்தில் முகத்தைத் தொங்கப்போடுகிறான் என்று நினைத்தேன்.

சாயங்காலம் பெரிய பாலத்தைக் கடந்து, ஓன்ஃப்ளருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் நாங்கள் எடுத்திருந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். விடிவதற்கு முன் தயாளனைத் தட்டி எழுப்பி, துவாய்க்குக் கீழே இருந்ததையெல்லாம் காட்டினேன். அவன் சத்தம் போடுவான் என்று பயந்தேன். எழுந்து போய்க் குளித்தான். விரதம் கேட்டால் முழுவதையும் மறுத்துவிடுவானோ என்று நான் நீட்டிய பாண் ரொட்டியையும் பசிக்கவில்லை என்று தள்ளிவிட்டான்.

ஐயரின் சந்தேகம்

இப்போது திரும்பவும் அந்தச் சுவர்.

தொலைபேசி எடுத்தேன். ஒலிபெருக்கியில் ஐயரின் குரல் கணீரென்று வந்தது: "அம்மா, பிள்ளையைத் தண்ணியிலை இறங்கச் சொல்லுங்கோ."

"ஐயா, கடல் இல்லை."

"என்ன?"

"கடலைக் காணேல்லை ஐயா."

"கடலைக் காணேல்லையோ? எங்கை போட்டுது?"

அதற்குள் இவர் செருப்பைக் கழற்றி, காற்சட்டையைச் சுருட்டி, செம்பையும் என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு கீழே இறங்கிவிட்டார். கடல் வராவிட்டால் தான் போய்க் கொண்டுவருவதாகச் சொன்னார். கொஞ்சத் தூரம் ராசா மாதிரி நடந்தார். பிறகு ஒரு கால் முழங்கால்வரை சேற்றுக்குள் போனது. அதை இழுக்க மற்றக் கால் போனது. தயாளன் ஓடிப்போய் அவரைக் கக்கத்தில் பிடித்து இழுத்தான். அத்தானும் மச்சானும் சேறும் சகதியுமாகத் திரும்பி வந்தார்கள். மதுரா சிரிப்பை அடக்கப் போர்வையை வாயில் கடித்துக்கொண்டாள்.

தூரத்தில் வாளியோடு மட்டி பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு பிரெஞ்சு மனுசி கையை ஆட்டிக்கொண்டு வந்தார். அங்கே நடக்கக்கூடாதாம், தண்ணீர் திரும்பும்போது வேகமாகத் திரும்புமாம். எங்களுக்குக் கடல் எதற்கு என்று கேட்டார். மதுரா விளக்கினாள். என்ன சொன்னாள் என்று முழுதும் விளங்கவில்லை, தாத்தா என்ற சொல்லும் தண்ணீர் என்ற சொல்லும் விளங்கின.

அந்த மனுசி வாளியைக் கீழே வைத்தார். இன்றைக்கு அமாவாசை, அதனால்தான் இவ்வளவு தூரம் போயிருக்கிறது என்றார். எவ்வளவு தூரம் போகிறதோ அவ்வளவு உயரம் வருமாம். மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு இந்தப் படிக்கே வந்துவிடும், கொஞ்சம் முன்பே வாருங்கள், பிந்தினால் படியில் நிற்க முடியாது என்று சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போனார்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அமாவாசை பார்த்து, நேரம் பார்த்து, ராகுகாலம் பார்த்து வந்தோம். அதே அமாவாசைதான் கடலை இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. எங்கள் ஊர்க் கடல் சாண் கணக்கில் ஏறி இறங்குவது. அதைப் பார்த்து வளர்ந்த எங்களில் ஒருவருக்கும் கடலுக்கும் ஒரு நேரம் உண்டு என்று தோன்றவில்லை.

ஐயர் இன்னும் தொலைபேசியில் இருந்தார். "திதி நிக்குது, மத்தியானமும் செய்யலாம். ஆனா எனக்குப் பூசை கிடக்கு. மந்திரம் வராட்டிப் பரவாயில்லை, தகப்பன்ரை பேரைச் சொல்லி விடச் சொல்லுங்கோ. பேர் போதும்."

அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. மந்திரம் என்றால் கிளிப்பிள்ளை மாதிரிச் சொல்லிவிடுவான். அப்பாவின் பெயரைத் தன் வாயால் சொல்லித் தண்ணீர் விடுவானா?

மண் ஒட்டிய படம்

பத்து மணிக்கு ஓன்ஃப்ளரில் இரண்டாவது கண்காட்சி. மதுரா முன்பே நேரம் எடுத்து வைத்திருந்தாள். எனக்கு அந்தச் சுவரை விட்டு நகர மனமில்லை. நாங்கள் போன நேரம் பார்த்துக் கடல் வந்து திரும்பிவிட்டால்? இந்தக் கடலை நம்ப முடியாது.

"வாங்கோ அக்கா, பிள்ளையின்ரை படத்தையும் பாத்திட்டு வருவம்" என்றான் தயாளன். நேரத்தைக் கடத்தப் பார்க்கிறான் என்று நினைத்தேன். ஆனால் மதுராவின் முகத்தைப் பார்த்துவிட்டு வண்டியில் ஏறினேன்.

சின்னக் கட்டடம், சின்னச் சின்னப் படங்கள். அதிகமும் கடற்கரை. தொப்பியும் நீளப் பாவாடையுமாகப் பெண்கள் நாற்காலி போட்டுக் கடலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார்கள். அவ்வளவு தூரம் வந்து கடலைப் பாராமல் என்ன கதைத்தார்கள் என்று அறிய எனக்கு ஆசையாக இருந்தது. ஒரு படத்தின் முன்னால் வழிகாட்டிப் பெண் ஒருவர், இதன் சாயத்துக்குள் உண்மையான கடற்கரை மணல் ஒட்டியிருக்கிறது என்றார். அந்த இடத்திலேயே நின்று வரைந்தபோது காற்று அடித்து ஒட்டியதாம்.

மதுரா அதைத் தமிழில் சொன்னதும் தயாளன் குனிந்தான். மூக்கு படத்தில் முட்டுமளவுக்குக் குனிந்தான். காவலாளி ஓடிவந்து "மொசியே!" என்றார்.

"கிடக்கு அக்கா! மண்தான்! பாருங்கோ!" என்றான் தயாளன், காவலாளியையும் கூப்பிட்டுக் காட்டாத குறையாக. வந்த நாளிலிருந்து அவன் எதையும் பார்த்து அப்படிக் குரல் எழுப்பி நான் கேட்டதில்லை.

பிறகு மதுராவிடம் கேட்டான், "நேற்றுப் பாத்தமே, ஒரு படத்திலை தண்ணி, ஒரு படத்திலை சேறு. ரெண்டுக்கும் இடையிலை அந்த ஆள் என்ன செய்தவராம்?"

மதுரா யோசித்தாள். "சாப்பிட்டிருப்பார், மாமா" என்றாள்.

தயாளன் சிரித்தான். சிரித்து முடித்துவிட்டுச் சுவரில் இருந்த மணிக்கூட்டைப் பார்த்தான்.

"பதினொண்டாகுது அக்கா. வெளிக்கிடுங்கோ."

அவன் மனம் மாறுவதற்குள் முதல் ஆளாக வாசலுக்கு நடந்தேன்.

படிக்கட்டில்

நாங்கள் வந்தபோது கடல் பாதி தூரம் வந்திருந்தது. பார்த்துக்கொண்டிருக்கவே மற்றப் பாதியும் வந்தது. முதலில் மணலில் இருந்த பள்ளங்கள் நிறைந்தன. இவர் காலையில் விழுந்த குழி நிறைந்தது. பிறகு கீழ்ப்படி மறைந்தது. சாம்பல் நிறம் என்று நினைத்த தண்ணீரில் வெயில் பட்டதும் ஊதா தெரிந்தது, மஞ்சள் தெரிந்தது. அந்த ஓவியரிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டேன்.

தயாளன் சட்டையையும் ஜாக்கெட்டையும் கழற்றிப் படியில் மடித்து வைத்தான். முழங்கால் ஆழத்தில் இறங்கி நின்றான். தண்ணீர் பனிக்கட்டி மாதிரிக் குளிர்ந்தது. இவர் அவன் உள்ளங்கையில் எள்ளைப் போட்டார். நான் செம்பால் தண்ணீர் வார்த்தேன்.

வெகுநேரம் கையை அப்படியே வைத்திருந்தான். எள்ளு விரல் இடுக்கால் ஒழுகிவிடுமோ என்று எனக்குப் பதைபதைப்பு. சுவருக்கு மேலே இரண்டு வெள்ளைக்காரப் பிள்ளைகள் ஐஸ்கிரீமோடு நின்று எங்களைப் பார்த்தார்கள்.

"கந்தையா செல்வராசா" என்றான்.

தண்ணீரைச் சாய்த்தான். இன்னொரு தரம் பெயரைச் சொன்னான், இன்னொரு தரம் சாய்த்தான். மூன்றாம் தரம் சத்தமாகச் சொன்னான், பஸ் தரிப்பில் யாரையோ கூப்பிடுகிற மாதிரி. நான் படியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். மதுரா என் முதுகைத் தடவினாள்.

முடிந்தது என்று நினைத்து நான் துவாயை நீட்டினேன். அவன் அதை வாங்காமல் படியேறி, மடித்து வைத்த ஜாக்கெட்டின் பைக்குள் கையை விட்டு ஒரு சின்னப் பொதியை எடுத்தான். பிரித்தான். தோடம்பழ இனிப்பு.

"எங்கையடா வாங்கினனி?"

"லாச்சப்பலிலை. போன கிழமை."

"போன கிழமையோ?"

"நாட்காட்டி எங்கடை வீட்டுச் சுவரிலைதானே அக்கா தொங்குது" என்றான். "பையைத் தூக்கிக்கொண்டு வந்தவனும் நான்தான். செம்பு முழங்காலிலை இடிச்சால் விளங்காதோ?"

நேற்று மட்டியைத் தொடாததும் காலையில் பாணைத் தள்ளியதும் அப்போதுதான் எனக்கு உறைத்தன. நான் அவனை ஏமாற்றிக் கூட்டிவந்ததாக எண்ணி வந்த வழியெல்லாம், அவன் விரதத்தோடு வந்திருக்கிறான்.

அவன் திரும்பக் கடலுக்குள் இறங்கினான். ஒவ்வொரு சுளையாக எடுத்து, சீனி உதிராமல், தண்ணீரில் மெல்ல வைத்தான்.

"சாப்பிடுங்கோ அப்பா" என்றான். "இனி நான் பறிக்கமாட்டன்."